தலைமாட்டுக் கதிரை

கல்முனை
ஜனவரி 2021

அன்புள்ள ஜெமீல் காக்காவுக்கு,

தங்கச்சி ஸகியாவின் ஸலாம். கட்டாரில் உங்களை அல்லாஹ் சுகமாக வைத்திருக்கட்டும். இங்கே சுகம் என்று எழுத இந்த முறை கை வரவில்லை. போனில் கதைத்தால் நான் அழுவேன், நீங்கள் பாதியிலேயே கோபப்படுவீர்கள். அதனால்தான் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். முழுவதும் வாசித்துவிட்டு ஏசுங்கள்.

உம்மாவை இன்று காலை அம்புலன்ஸில் ஏற்றிவிட்டேன். கொரோனாதான். உம்மா பழைய முட்டுவருத்தத்தில் மூச்சு இழுத்துப் படுத்திருக்கிறார் என்று உங்களுக்கு நான் சொன்னது பொய்.

காய்ச்சல் தொடங்கிய அன்றே உம்மாவுக்கு விளங்கிவிட்டது. என் கையைப் பிடித்து, தன்னை ஆஸ்பத்திரிக்குக் கொடுப்பதில்லை என்று அல்லாஹ்வின் பேரால் வாக்கு வாங்கினார். இந்த நோயில் மௌத்தானால் அடக்க விடாமல் எரிப்பார்கள் என்பது சட்டம். ஊரில் யாரும் நோய்க்குப் பயப்படவில்லை காக்கா, எரிப்பதற்குத்தான் பயப்படுகிறார்கள். உம்மாவை நெருப்புக்குக் கொடுத்துவிடாதே என்று, உம்மா சுகமாக இருந்தபோதே நீங்களும் எத்தனை தரம் சொன்னீர்கள். அதனால் பின்னறையில் படுக்கவைத்தேன். டெங்கு என்று சொன்னால் நுளம்பு தேடி ஆட்கள் வருவார்கள். அதனால் கேட்டவர்களிடம் பனிக்கு முட்டுக் கூடிவிட்டது என்று சொல்லிவிட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் கெட்டித்தனம் எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது.

முட்டு தொற்றாதுதானே என்று பக்கத்து வீட்டு நாச்சியா மாமி வந்துவிட்டார். உங்களுக்குத் தெரியும்தானே, அவருக்குப் பிள்ளை குட்டி இல்லை, நம்மைத்தான் பிள்ளைகள் என்பார். நோயாளியைப் பார்க்கப் போவது நபி காட்டிய ஸுன்னத்து, பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு பார்க்காவிட்டால் "நாளைக்கு அல்லாஹ் கேப்பான் புள்ள" என்றார். வேண்டாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். ஏன் வேண்டாம் என்று கேட்டால் என்ன சொல்வது? உம்மாவின் தலைமாட்டுக்குக் கதிரையை இழுத்துப் போட்டேன். நானேதான் போட்டேன். மாமி அதில் இருந்துகொண்டு யாஸீன் ஓதினார், உம்மாவின் முகத்தைத் துடைத்துவிட்டார். அடுத்த நாளும் வந்தார், அதற்கடுத்த நாளும் வந்தார்.

நேற்று மாமி வரவில்லை. மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து, உடம்பு கொதிக்குது, கொஞ்சம் கொத்தமல்லி அவித்துத் தா என்று குரல் மட்டும் வந்தது. இருமலும் கேட்டது. அதற்குப் பிறகு என்னால் ஒளிக்க முடியவில்லை. சுகாதாரப் பரிசோதகர் புண்ணியமூர்த்தி சேருக்கு நானே போனில் கோல் எடுத்தேன். உம்மாவுக்குக் கொடுத்த வாக்கை அப்படித்தான் முறித்தேன்.

சேர் ஏசுவார் என்று நினைத்தேன். ஏசவில்லை. வாசலில் நின்றபடியே, "எரிக்கிற பயத்துல ஆக்கள் ஒளிக்கிறாங்க தங்கச்சி. ஒளிச்சா நான் நோய் வருத்தத்த எங்க போய்த் தேடுற?" என்று கேட்டார். கை கழுவு, மாஸ்க் போடு, தள்ளி நில் என்று ஒலிபெருக்கியில் ஓயாமல் சொன்னார்கள். மௌத்தானால் மையித்தை அடக்க உங்களிடம் தருவோம் என்று ஒரு தரம் சொல்லியிருந்தால் முதல் நாளே நான் கோல் எடுத்திருப்பேன். இதைச் சொல்லி என் பிழையைச் சட்டத்தின் தலையில் கட்டவும் மனம் வரவில்லை. கதிரையைச் சட்டம் இழுத்துப் போடவில்லை.

அம்புலன்ஸில் ஏறும்போது உம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. அதைத் தாங்கிக்கொள்வேன். தாங்க முடியாதது மற்றது. மாமியையும் அதிலேயே ஏற்றினார்கள். ஏறுமுன் மாமி திரும்பி, "என்னாலதான் உம்மாக்கு வந்திருக்கும். கடைக்கெல்லாம் போய் வந்த நான்தானே. மன்னிச்சிக்க புள்ள" என்றார். கை கூப்பாத குறைதான். இல்லை மாமி, எங்கள் வீட்டிலிருந்துதான் உங்களுக்கு வந்தது என்று சொல்ல வாய் திறந்தேன். சுற்றிவர ஆட்கள் நின்றார்கள். பரவாயில்லை மாமி என்று சொல்லிவிட்டேன். காக்கா, நான் அவரை மன்னித்திருக்கிறேன்.

எங்கள் வாசல் கேற்றில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். யாரும் வெளியே போகக் கூடாது. கதிரை இன்னும் அதே இடத்தில்தான் இருக்கிறது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். இன்று தொழுதுவிட்டு துஆ கேட்கும்போது நாச்சியா மாமியின் பெயரை முதலில் சொல்லுங்கள். உம்மாவின் பெயரை அதற்குப் பிறகு சொல்லுங்கள். உம்மா கோபிக்கமாட்டார். மாமி உயிரோடு திரும்பி வர வேண்டும். அவரிடம் நான் கதைக்க வேண்டும்.

அல்லாஹ் உங்களையும் பிள்ளைகளையும் காப்பானாக.

இப்படிக்கு,
உங்கள் துஆவை எதிர்பார்க்கும் தங்கச்சி
ஸகியா