திரையில் எல் பெருமாள்

இன்று காலை, பால் ஊற்றாத தேநீரான தே ஓ ஆறுவதற்குள் உன் அப்பா என் திரைக்கு வந்துவிட்டார், மச்சான். சிவப்பு எழுத்தில் 'எல் பெருமாள்' என்று. நம் கருவியில் பிழை வந்தால் காட்டிக்கொடுக்க நாம் எழுதிய சோதனைகளில் ஒன்று தோற்றிருக்கிறது. உன் முழுப்பெயர் வரவேண்டிய இடத்தில் அவர் மட்டும் நிற்கிறார். ஈப்போவில் என் அண்ணன் கடையில், மின்விசிறிக்குக் கீழே நமது அதே மேசையில்தான் உட்கார்ந்திருந்தேன். வாய்விட்டுச் சிரித்துவிட்டு, எதிர் நாற்காலியைப் பார்த்தேன். அதில் யாரோ பையை வைத்திருந்தார்கள்.

சனிக்கிழமைக் காலை என்றால் நீ கோப்பெங்கிலிருந்து வந்துவிடுவாய். வாரம் முழுக்க ஆளுக்கொரு அலுவலகத்துக்கு உழைத்தோம், அந்தக் காலை மட்டும் நம் சின்னக் கருவிக்கு. ஒரு கணினியில் எந்த நிரல் எந்தச் சாக்கெட்டை, அதாவது தொடர்பு வாசலை, திறந்துவைத்து யாரோடு பேசுகிறது என்று வரிசையாகக் காட்டும் கருவி. கட்டளையைத் தட்டினால் பட்டியல் வரும், அவ்வளவுதான். "இத வச்சு யாரையும் ஏமாத்த முடியாதுலா, அதான் எனக்குப் புடிச்சிருக்கு" என்பாய். அதை யார் யாரோ, எந்தெந்த நாட்டிலோ பயன்படுத்தினார்கள். பிழை என்று எழுதுவார்கள். நாம் திருத்துவோம், திட்டிக்கொள்வோம், இன்னொரு ரொட்டி சானாய் சொல்வோம்.

சில சாக்கெட்டுகளின் பெயர்கள் கோப்புப் பாதை போல நீண்டு, வரியில் அடங்காமல் போகும். கடைசிச் சாய்கோட்டுக்கு ( / ) பின்னால் வருவதை மட்டும் காட்டினால் போதும் என்று முடிவெடுத்தோம். நான் என் பெயரில் ஒரு சாக்கெட் திறந்து பார்த்தேன். எங்கள் முஸ்லிம் பெயர்களில் அப்பாவின் பெயருக்கு முன்னால் 'பின்' என்று வரும், கோடு கிடையாது. எல்லாம் சரியாக இருந்தது, வெளியிட்டுவிட்டோம்.

அடுத்த சனிக்கிழமை நீ வந்து உட்கார்ந்த விதமே சரியில்லை. உன் அலுவலக மென்பொருள், ஊழியர் ஒவ்வொருவருக்கும் அடையாள அட்டையில் உள்ள முழுப்பெயரிலேயே ஒரு சாக்கெட் திறக்குமாம். உங்கள் பெயர்களில் இன்னாரின் மகன் என்பதற்கு நடுவில் 'ஏ/எல்' இருக்கிறதே, நம் கருவி அந்தக் கோட்டோடு வெட்டி முன்பாதியைத் தூக்கிப் போட்டிருக்கிறது. "மச்சான், ஆபீஸ்ல ஒரு ஆளுகூட வேலைக்கு வரல. எல்லாரோட அப்பாவும் வந்திருக்காங்க" என்றாய், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

அன்று உன் அப்பாவும் கூட வந்திருந்தார். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்ந்தவர், பெரிய படிப்பில்லை, ஆனால் தன் பெயரை எங்கே பார்த்தாலும் தெரியும். நீ கணினியைத் திருப்பிக் காட்டினாய். ரொட்டியைக் குழம்பில் தோய்த்தபடியே பார்த்தார்.

"எம்பேரு இருக்கு. நீ எங்கடா போன?"

நாம் சிரித்த சிரிப்பில், நுரை வர உயரத் தூக்கி இழுத்து ஆற்றிக்கொண்டிருந்த தேத்தண்ணீரை அண்ணன் தரையில் ஊற்றிவிட்டார்.

திருத்தம் என்னவோ ஒரே வரிதான். பெயர் சாய்கோட்டில் தொடங்கினால்தான் அது பாதை, மற்றதில் கைவைக்கக் கூடாது. நீ அதோடு விடவில்லை. இந்தப் பிழை திரும்ப வந்தால் தெரியவேண்டும் என்று ஒரு சோதனை எழுதி, அதில் உன் முழுப்பெயரையே போட்டாய்.

அந்தச் சோதனைதான் இன்று தோற்றது. எங்கோ இருக்கும் ஒரு நல்ல மனிதர், பழைய நிரலைச் சுத்தம் செய்கிறேன் என்று அந்த வரியை எடுத்திருக்கிறார். சோதனை தோற்றதும், இப்படியொரு பெயர் உலகத்தில் இருக்குமா, சோதனையையே நீக்கிவிடலாமே என்று பணிவாகக் கேட்டிருந்தார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "கோவத்துல பதில் எழுதாத, மொதல்ல தண்ணி குடி" என்று நீ அதட்டுவது நினைவுக்கு வந்தது. குடித்தேன்.

குடித்த பிறகு வேறொரு எண்ணம் வந்தது. வரியைத் திரும்பப் போட்டுவிட்டு, சோதனையில் ஒரு கற்பனைப் பெயரை வைத்துவிட்டால் என்ன? நீ இறந்துபோன புதிதில் அந்தச் சோதனையை ஓட்டவே எனக்குக் கை வரவில்லை. உன் பெயர் அங்கே இருக்கலாமா கூடாதா என்று சொல்ல எனக்கு உரிமையும் இல்லை. உன் அப்பாவுக்குத் தொலைபேசினேன். பழைய கதையை நினைவுபடுத்தி, அதே தப்பு திரும்ப வந்திருக்கிறது என்றேன். 

"இப்பவும் எம்பேரு மட்டுந்தான் வந்திருக்கா?"

"ஆமாப்பா. அவன் பேர எடுத்துட்டு வேற பேரு போடலாமான்னு கேக்கத்தான்..."

"எடுக்காத தம்பி. அவன் ஒரு நாளும் சும்மா ஒக்காந்ததில்ல. பேராவது வேலைக்குப் போயிட்டு வரட்டும்."

வரியை இருந்த இடத்தில் வைத்தேன். அந்த மனிதருக்கு, எங்கள் ஊரில் இப்படிப் பெயருள்ளவர்கள் நிறைய, அவர்களில் ஒருவன்தான் இந்தக் கருவியில் பாதியை எழுதியவன் என்று பதில் எழுதினேன். கோபம் இல்லாமல்தான் எழுதினேன், நம்பு.

எதைச் சோதித்தாலும் இப்போதெல்லாம் முதலில் உன் பெயரைத்தான் தட்டுகிறேன், பிறகுதான் என் பெயர். மதியம் கணினியை எடுத்துக்கொண்டு கோப்பெங்கில் உன் வீட்டுக்குப் போகிறேன், திரையைக் காட்ட. உன் அப்பா வழக்கம்போல் தன் பெயரைத்தான் தேடுவார். அதற்கு முன்னால் நீ இருப்பாய்.