மேலாளரின் போனைப் பிடுங்கியது

அன்புள்ள என் வீட்டுக்காரிக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இதை யாரிடமும் சொல்லி எழுதவைக்கவில்லை. எழுத்துக் கூட்டி நானேதான் எழுதுகிறேன், பார்த்தாயா!

உன் அண்ணன் இறந்த அன்று என் அலுவலகத்துக்குப் போன் செய்து, "எங்க வீட்டுக்காரரைக் கொஞ்சம் கூப்பிடுங்க" என்றாய். "எல்லாருக்கும் வீட்டுக்காரன் இருக்கான்மா" என்று சிரித்துவிட்டு மேலாளர் வைத்துவிட்டார். மச்சான் முகத்தைக் கடைசியாகப் பார்க்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. அதை நான் மறப்பேனா?

அலுவலகங்களுக்கான பழைய கம்பித் தொலைபேசிகளை நிறுத்திவிடலாம் என்று தொலைத்தொடர்பு ஆணையம் இப்போது போன் கம்பெனிக்கு அனுமதி கொடுத்துவிட்டது. நேற்று லைன்மேன் வந்தார். எந்தக் கம்பி எந்த மேஜைக்குப் போகிறது என்று காட்ட என்னை அனுப்பினார்கள். முதலில் மேலாளர் அறைக்குத்தான் கூட்டிப்போனேன்.

"இருய்யா, வீட்ல இருந்து பேசுறாங்க!" என்று அவர் கத்தினார். லைன்மேன் தயங்கினார்.

"எல்லாருக்கும்தான் வீட்டுக்காரி இருக்காங்க தம்பி. நீங்க புடுங்குங்க" என்றேன்.

செத்த போனில் மேலாளர் "அலோ, அலோ" என்று கத்தியபோது என் வயிறு குளிர்ந்தது.

இனி நீ கூப்பிடவும் இங்கே எண் இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. கைப்பேசி நம் இருவருக்கும் ஒத்துவராது. அதனால் என்னைப் போல நீயும் முதியோர் கல்வி வகுப்பில் சேர். உறையின் மேல் என் பெயரை உன் கையாலேயே எழுது. வாயால் சொல்லத்தானே கூச்சம்? நீ எழுதுவதைப் படிக்க என் பழைய மூக்குக்கண்ணாடியையும் அனுப்பிவை.

மேலாளர் கூப்பிடுகிறார். போன் இல்லாததால் மாடியிலிருந்து இறங்கி வந்து கூப்பிடுகிறார். நன்றாக நடக்கட்டும்.

உன் வீட்டுக்காரன்