எட்டு நாள் கப்பலில் நீ சொன்னதும் சொல்லாததும்

அக்கா,

இன்று காலை செஞ்சி பஸ் ஸ்டாண்டில் பாண்டிச்சேரி பஸ் கிளம்பக் காத்திருந்தபோது இஞ்சி மரப்பா விற்கிறவர் ஏறினார். ஒவ்வொருவர் கையிலும் ஒரு துண்டை வைத்துக்கொண்டே பின்னால் போனார். "சாப்ட்டுப் பாரும்மா, வாங்கணும்னு இல்ல" என்றார். நான் வாயில் போடவில்லை. வாசனையே போதுமாக இருந்தது. பஸ் இன்னும் நகரவில்லை. எனக்கு மட்டும் காலுக்குக் கீழே தரை ஆடியது. கப்பலின் ஐந்தாவது மாடி, ஜன்னல் இல்லாத அந்தச் சின்ன அறை, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து என் வாயில் இஞ்சித் துண்டை வைத்த உன் விரல்கள்.

"சப்பு பாப்பா. முழுங்காத. சப்புனா வாந்தி நிக்கும்."

எனக்கு முப்பத்தாறு வயது. இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். ஆனாலும் உனக்கு நான் பாப்பாதான். நீ போய் ஆறு மாதமாகிறது, இனி அப்படிக் கூப்பிட ஆள் இல்லை. உன்னிடம் கேட்க வேண்டியவை மட்டும் அப்படியே இருக்கின்றன. அதனால் எழுதுகிறேன்.

கப்பல் பயணம் உன் ஆசை. எங்களுக்குக் கடல் என்றால் மரக்காணம், மிஞ்சிப் போனால் மெரினா. போன வருடம் மாசியில் சென்னையிலிருந்து போன் செய்தாய். "எல்லாரும் கப்பல்ல போலாம் பாப்பா. எட்டு நாள். சென்னைல ஏறி, இலங்கைய சுத்தி, கொச்சி, கோவா, பம்பாய். அங்கருந்து ரயில்ல வந்துடலாம்."

"கவினுக்கு மூணு வயசுக்கா. அவன வச்சிக்கினு எட்டு நாள் தண்ணியிலயா?"

"நான் இருக்கேன் இல்ல? பாத்துக்கறேன்."

பாஸ்போர்ட் எடுக்க வேண்டியிருந்தது. இ-சேவை மையத்தில் நாள் முழுக்க ஊராருக்கு விண்ணப்பம் நிரப்பித் தருகிறவள் நான். 'தாயார் பெயர்' என்ற இடத்தில் யோசிக்காமல் எத்தனையோ பெயர்களைத் தட்டியிருக்கிறேன். யாழினியின் விண்ணப்பத்தில் என் பெயரைத் தட்டும்போது மட்டும் கை ஒரு நிமிடம் நின்றது. பீரோவின் அடித்தட்டில் கிடந்த தத்துப் பத்திரத்தை ஆறு வருடம் கழித்து வெளியே எடுத்தேன்.

கல்யாணமாகி ஏழு வருடம் எனக்குக் குழந்தை இல்லை. உனக்கு இரண்டு பையன்கள். மூன்றாவதாக நீ உண்டானபோது செஞ்சிக்கு வந்தாய். அம்மா வீட்டுச் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டே, "இது உனக்குடி" என்றாய். விளையாட்டுக்குச் சொல்கிறாய் என்று நினைத்தேன். பெண் பிறந்த பதினோராம் நாள் என் மடியில் கிடத்தினாய். அப்புறம் ஒருநாள் சிங்கவரம் பெருமாள் கோவில் படியில் உட்கார்ந்து நாம் பேசிக்கொண்டோம். அவள் பத்தாவது முடிக்கட்டும், புரிகிற வயது வரட்டும், இரண்டு பேரும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து சொல்வோம் என்று. "நீ இல்லாம நான் சொல்ல மாட்டேன். நான் இல்லாம நீயும் சொல்லக் கூடாது." இது நீ சொன்ன வார்த்தை. மூன்று வருடம் கழித்து எனக்கே கவின் பிறந்தபோதுகூட நீ யாழினியை 'என் பொண்ணு' என்று ஒரு தடவையும் வாய் தவறிச் சொன்னதில்லை. அதனால்தான் உன்னை அவ்வளவு நம்பினேன்.

முதல் நாள் எவ்வளவு நன்றாக இருந்தது, ஞாபகமிருக்கிறதா? துறைமுகத்தை விட்டுக் கப்பல் நகர்ந்தபோது யாழினி கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஊருதான் நவுருது, நாம நவுரல" என்று கத்தினாள். கவினுக்குக் கடல் வேண்டாம், லிப்டில் ஏறி இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். உன் பையன்கள் மேல்தளத்தில் பந்து விளையாடப் போய்விட்டார்கள். அங்கே இருந்த நூறு வகைச் சாப்பாட்டில் ஒன்றையும் பிள்ளைகள் தொடவில்லை. நீ நேரே சமையல்காரரிடம் போய் வெறும் சோறும் தயிரும் வாங்கி வந்து, மேஜையிலேயே கையால் பிசைந்து ஊட்டினாய். பக்கத்து மேஜைக்காரர்கள் பார்த்தார்கள். "பாக்கட்டும், அவங்களுக்கும் ஒரு வாய் வேணுமா கேளு" என்றாய். வேர்க்கடலை வறுத்து நான் செய்து எடுத்து வந்த மல்லாட்டை உருண்டை அன்று சாயந்திரமே தீர்ந்துபோனது.

இரண்டாம் நாள் எனக்கு வாந்தி ஆரம்பித்தது. தலையைத் தூக்க முடியவில்லை. என் வீட்டுக்காரர் கப்பல் டாக்டரிடம் மாத்திரை வாங்கி வந்தார். நீ இஞ்சியோடு வந்தாய். "நீ படு. புள்ளைங்கள நான் பாத்துக்கறேன்." கண்ணை மூடிக்கொண்டு, இப்படி ஒரு அக்கா யாருக்குக் கிடைப்பாள் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் யாழினி தனியாக அறைக்குள் வந்தாள். தலை குளித்து, இரட்டைச் சடை பின்னி, பவுடர் போட்டுவிட்டிருந்தாய். கதவருகிலேயே நின்றாள்.

"அம்மா, நான் உன் வயித்துல இல்லியாமே? பெரிம்மா வயித்துலதான் இருந்தேனாம்."

எழுந்து உட்கார்ந்தேன். "யாரு சொன்னது?"

"பெரிம்மாதான். தல தொவட்டும்போது சொன்னாங்க." என் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த கவினைப் பார்த்தாள். "தம்பி மட்டும் உன் வயித்துலயா?"

பத்து வருடம் கழித்து வர வேண்டிய கேள்வி. அதற்கான பதிலை நான் இன்னும் யோசித்துக்கூட வைக்கவில்லை. "அம்மாவுக்குத் தல சுத்துதும்மா" என்றேன். ஆறு வயதுப் பிள்ளைக்கு அன்று என்னால் கொடுக்க முடிந்த பதில் அவ்வளவுதான். அவள் கட்டிலில் ஏறவில்லை. தரையில் உட்கார்ந்து செருப்பின் வாரைப் போட்டுப் போட்டுக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

என் வீட்டுக்காரர் வந்ததும் பிள்ளைகளை அவரிடம் விட்டுவிட்டு உன்னைத் தேடி மேலே வந்தேன். நீச்சல் குளத்தின் பக்கத்தில் ஈரத் துண்டுகளைப் பிழிந்து நாற்காலிகளில் காயப்போட்டுக்கொண்டிருந்தாய்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"ஏன்க்கா?"

"தோணுச்சு."

"சிங்கவரத்துல இன்னா பேசினோம்?"

நீ துண்டை உதறினாய். "பத்தாவது வரைக்கும் யாரு கண்டா?"

"நான் படுத்துக் கெடக்கற நேரம் பாத்தியா? இதுக்குத்தான் பாத்துக்கறேன் பாத்துக்கறேன்னு புள்ளைய வாங்கிக்கினு போனியா?"

"இன்னா வேணா நெனச்சிக்க பாப்பா."

நீ அழவில்லை. சண்டை போடவில்லை. நீ சண்டை போட்டிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். அடுத்த துண்டை எடுத்துப் பிழிந்தாய்.

இன்னும் ஐந்து நாள் இருந்தது. வீடாக இருந்தால் கோபித்துக்கொண்டு பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறியிருப்பேன். கப்பலில் எங்கே போவது? மூன்று வேளையும் அதே மேஜை, எதிரில் நீ. யாழினி உனக்கும் எனக்கும் நடுவில் உட்கார்ந்து, யார் ஊட்டினாலும் வாய் திறக்காமல், தானே கரண்டியால் அள்ளிச் சாப்பிட ஆரம்பித்தாள். எங்கள் இரண்டு பேரையும் அவள் அம்மா என்றோ பெரிம்மா என்றோ கூப்பிடவில்லை. பக்கத்தில் வந்து நின்று முந்தானையை இழுப்பாள், அவ்வளவுதான்.

ஆனால் நான் உன்னை விட்டு விலகியது அன்றைக்கு அல்ல. கொச்சி வருவதற்கு முந்தின நாள். சின்னப் பிள்ளைகளை விளையாட விடும் அறை ஒன்று இருந்ததே, பலூனும் வண்ணப் பந்துமாக. அழைத்துப் போக வருகிறவர் தாயோ தகப்பனோ என்று உறுதி செய்துகொண்டுதான் பிள்ளையை அனுப்புவார்கள். அன்று நான் கவினை எடுத்துக்கொண்டு போனேன். நீயும் அதே நேரம் வந்துவிட்டாய். அங்கே இருந்த மலையாளப் பெண் யாழினியின் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி, "மோளே, இதுல அம்மா யாரு?" என்றாள்.

யாழினி என்னைப் பார்த்தாள். உன்னைப் பார்த்தாள். அப்புறம் தரையைப் பார்த்தாள்.

அந்தப் பெண்ணின் சிரிப்பு போய்விட்டது. இன்னொரு முறை கேட்டாள். பிள்ளை பேசவில்லை. அறை அட்டை என் வீட்டுக்காரரிடம் இருந்தது. அவர் வந்து காட்டும்வரை யாழினியை விட மாட்டேன் என்று கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவள் வேலையை அவள் செய்தாள். நீ என்ன செய்தாய் அக்கா? 'அவதான் அம்மா' என்று ஒரு வார்த்தை. ஆறு வருடமாக ஊர் முழுக்கச் சொன்ன வார்த்தைதானே? அன்று உனக்கு அது வாயில் வரவில்லை. பிள்ளை என்ன சொல்லப் போகிறாள் என்று நீயும் காத்திருந்தாய். அதை நான் உன் முகத்தில் பார்த்தேன். அவர் ஓடி வரும்வரை, திருட வந்தவளைப் போல என் மகளுக்கு எதிரில் நின்றேன்.

பம்பாயில் இறங்கியதும் ரயிலில் வேறு பெட்டிக்கு மாற்றிக்கொண்டு வந்தோம்.

அதன் பிறகு நீ போன் செய்தால் நான் எடுப்பதில்லை. யாழினி கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தாள். பள்ளிக்கூடம் திறந்து ஒரு மாதம் இருக்கும், சோற்றில் உப்பு இல்லை என்று சண்டை போட்டபோது பழையபடி 'அம்மா' என்று கத்தினாள். அன்று கொல்லையில் போய் நின்று அழுதேன். நீ இல்லாமலே எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

பங்குனியில் ஒருநாள் மத்தியானம் சொல்லாமல் கொள்ளாமல் வந்து கேட்டில் நின்றாய்.

"இன்னாக்கா, திடீர்னு?"

"சும்மாதான். யாழினி இருக்குதா?"

"டியூஷன் போயிருக்குது."

உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. அவள் சிரிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது, உனக்கும் கேட்டது. "சரி, வந்தா சொல்லு" என்றாய். தண்ணீர் குடிக்கிறாயா என்றுகூட நான் கேட்கவில்லை. தலையில் முந்தானையை இழுத்துப் போட்டிருந்தாய். வெயிலுக்கு என்று நினைத்தேன். இளைத்திருந்தாய். குற்ற உணர்ச்சியால் என்று நினைத்தேன். எனக்கு அதில் ஒரு சந்தோஷம்கூட இருந்தது. இதையும் எழுதாமல் விட்டால் இந்தக் கடிதம் பொய்யாகிவிடும்.

ஆனியில் உன் வீட்டிலிருந்து மாமா போன் செய்தார். நாங்கள் சென்னை வந்து சேர்ந்தபோது உன்னைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். தலையில் முடி இல்லை. அப்போதுதான் எனக்கு விளங்கியது.

மூன்றாம் நாள் காரியம் முடிந்து, மாமா என்னைத் தனியாக மாடிக்குக் கூப்பிட்டார். "மார்ல கட்டிம்மா. கப்பலுக்கு டிக்கெட் போடறதுக்கு முன்னாடியே தெரியும். போய்ட்டு வந்துதான் ஆஸ்பத்திரில சேருவேன்னு ஒரே புடியா நின்னா. உங்கிட்ட சொல்லிடுன்னு நானும் எத்தினி வாட்டியோ சொன்னேன். 'வாணாம். தெரிஞ்சா பாப்பா பாவம் பாத்து எல்லாத்துக்கும் சரின்னுடுவா. பாவம் பாத்து சொல்ற சரி எனக்கு வாணாம்'னுட்டா."

எனக்குத் தலை சுற்றியது. கப்பலில் சுற்றியதைவிட மோசமாக.

ஆமாம், சரி என்றுதான் சொல்லியிருப்பேன். கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருப்பேன். அந்த எட்டு நாளும் யாழினியை உன் மடியிலேயே விட்டிருப்பேன். இரண்டு பேரும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்தே சொல்லியிருப்போம். அது பாவம் பார்த்ததா, பாசமா என்று பிரித்துப் பார்க்க உனக்கு யார் உரிமை கொடுத்தது? ஆறு வயதுப் பிள்ளை தாங்குவாள் என்று அவளிடம் சொன்னாய். முப்பத்து நான்கு வயதுத் தங்கை தாங்க மாட்டாள் என்று என்னிடம் மறைத்தாய். உன்மேல் கோபப்படுவது ஒன்றைத்தான் எனக்கு விட்டுவைத்தாய். நானும் பதினாலு மாதம் அதை ஒழுங்காகச் செய்தேன். உன் சாவுக்கு முன் உன்னை நான் நடத்திய விதம் என் புத்தியால் மட்டும் நடந்ததில்லை அக்கா. அதில் பாதி நீ செய்தது.

யாழினிக்கு இந்த மார்கழியில் தொண்டை வீங்கி வீங்கிக் காய்ச்சல். சதை வளர்ந்திருக்கிறது, எடுத்துவிடலாம் என்றார்கள். அதற்குத்தான் இன்று பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போனோம். சின்ன வயது லேடி டாக்டர். எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியில் கேட்டார். "குடும்பத்துல யாருக்காவது பெரிய வியாதி ஏதாச்சும் இருக்கா? அம்மா வழியில?"

இல்லை என்று சொல்ல வாய் எடுத்துவிட்டேன். யாழினி முந்திக்கொண்டாள்.

"எங்க பெரிம்மாவுக்குக் கேன்சர். செத்துட்டாங்க. நான் அவங்க வயித்துலதான் இருந்தேன். இவங்க எங்கம்மா."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். அவர் எழுதிக்கொண்டார். படி இறங்கும்போது என் விரலைப் பிடித்துக்கொண்டு, "சரியாத்தானம்மா சொன்னேன்?" என்றாள். சரியாகத்தான் சொன்னாய் என்றேன்.

இதற்காகத்தான் அவளிடம் சொன்னாயா? என்றைக்காவது ஒரு டாக்டர் கேட்பார், அப்போது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றா? இல்லை, போவதற்கு முன் ஒரு தடவை அவள் வாயால் அம்மா என்று கேட்க ஆசைப்பட்டாயா? எனக்குத் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ளவும் வழி வைக்காமல் போய்விட்டாய். அவளிடம் சொன்னதை மன்னித்துவிட்டேன் என்று என்னால் இப்போது எழுத முடிகிறது. என்னிடம் சொல்லாததை மன்னிக்க முடியவில்லை. முயற்சி செய்து பார்த்துவிட்டேன்.

அடுத்த வாரம் ஆபரேஷன். மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர் வந்து மறுபடியும் இதையெல்லாம் கேட்பார் என்றார்கள். இந்த முறை அவள் வாயைத் திறக்கும் முன் நான் சொல்லிவிடுவேன். இவளைப் பெற்றவள் என் அக்கா. அவளுக்கு மார்பில் கேன்சர். தங்கையிடம்கூடச் சொல்லாமல் இறந்துபோனாள்.

கடைசியில் சொல்வதை டாக்டர் எழுதிக்கொள்ள மாட்டார். அது என்னிடமே இருக்கும்.