சுவிட்சைத் தொடாமலே அடித்த மணி

இன்று மதியம் அலமாரியில் நீ செய்த மணி தானாக அடித்தது. வெளியே நல்ல வெயில். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை.

கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் இரும்புத் தூள், அவ்வளவுதான் உன் கருவி. எங்காவது மின்பொறி தெறித்தால் தூள் ஒட்டிக்கொள்ளும், அதன் வழியே மின்சாரம் பாய்ந்து மணி அடிக்கும். மணியின் சுத்தியே திரும்பி வந்து குழாயைத் தட்டித் தூளைக் கலைக்கும். உன் மைக் செட் கடையில் கல்யாண வேலையைப் போட்டுவிட்டு, அந்தத் தூளுக்காக ஒரு வாரம் ஆணியை அரத்தால் ராவினாய். "ஊரே கையில செல்போன வச்சிக்கினு கீது, அது எப்டி பேசுதுன்னு ஒருத்தனுக்கும் தெரியாது வாத்தியாரே" என்று திட்டுவாய்.

அன்று உத்திரமேரூரில் எங்கள் பள்ளி அறிவியல் கண்காட்சி. மேடையில் பொறி கிளப்பும் சுவிட்சோடு நான். மைதானத்தின் அந்தக் கோடியில், பனைமரத்தில் ஏற்றிய செம்புக் கம்பியின் கீழே, மணியோடு நீ. நடுவில் ஒயர் கிடையாது. மூன்று முறை அமுக்கினேன், மூன்று முறை அடித்தது. கூட்டம் கைதட்டியது. நான் கையை எடுத்துவிட்டேன். மணி நான்காவது முறை அடித்தது. பிறகு ஐந்தாவது முறை.

"இன்னா வாத்தியாரே, மூணுதான சொன்னேன்? அமுக்கிக்கினே கீறியே" என்று மைக்கில் கேட்டாய். எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்தில் தலைமையாசிரியர். கருவியில் கோளாறு என்று நினைத்துவிடுவாரோ என்று நானும் சிரித்து வைத்தேன். தூரத்து மின்னலும் மின்பொறிதான் என்று வருஷா வருஷம் பாடம் நடத்துகிறவன் நான். அந்த நிமிஷம் தோன்றவில்லை. தோன்றவில்லை என்றுதான் இன்றுவரை சொல்லிக்கொள்கிறேன்.

பெருநகர் ஊர்ப் பக்கம் வானம் கறுத்திருந்தது. இடி கேட்கவில்லை. கம்பியை அவிழ்க்கப் பனையடியில் குனிந்தாய். மழைக்கு முன்னே மின்னல் இறங்கியது. நாங்கள் ஓடி வந்து தூக்கியபோது உனக்கு உயிர் இல்லை.

இன்று மணி அடித்ததும் ஏரிக்கரைக் கழனிக்கு ஓடினேன். நடவு நடந்துகொண்டிருந்தது. மின்னல் வருகிறது, கரையேறுங்கள் என்று கத்தினேன். "வெயிலு கொளுத்துது, இன்னா சார் பேஜார் பண்ற? நாலு முடி நாத்துதான் பாக்கி கீது" என்று சலித்துக்கொண்டாள் ஒரு அம்மாள். வரப்பை விட்டு நான் நகரவில்லை. முணுமுணுத்தபடி கரையேறினார்கள். அரை மணி நேரத்தில் மேற்கு இருண்டது. பள்ளிக்கூட வராந்தாவில் ஒண்டி நின்றோம். முதல் இடி விழுந்ததும் அந்த அம்மாள் எனக்கு இடம் விட்டு நகர்ந்து நின்றாள்.

வீட்டுக்கு வந்துவிட்டேன். மணி இன்னும் விட்டுவிட்டு அடிக்கிறது. நீ மைக்கில் கேட்டாயே, அதற்கு ஒவ்வொரு முறையும் உரக்கப் பதில் சொல்கிறேன்.

நான் அமுக்கலடா.