நாம் தெரிந்தெடுத்த மூன்று கடற்கரைகள்

டீச்சர்,

இன்று காலை அலுமாரியின் கீழ்த்தட்டைத் துடைக்கலாம் என்று உட்கார்ந்தேன். ஒரு வாரமாக விடாத மழை. கண்டியில் இந்த மாதத்தில் துணியெல்லாம் எப்படிப் பூஞ்சணம் பிடிக்கும் என்பது உங்களுக்கே தெரியும். அடியில் கிடந்த துணிப்பையை எடுத்து உதறியபோது சீமெந்துத் தரையில் மணல் கொட்டியது. ஒரு கைப்பிடிகூட இராது. பைக்குள் நீங்கள் எனக்குத் தைத்துத் தந்த கறுப்பு அங்கி. துடைக்க எடுத்த துணியை அப்படியே வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

இருபத்தொரு வருஷம் ஒரே பள்ளிக்கூடம். நீங்கள் மனையியல், நான் கணிதம். நாவலப்பிட்டியில் பிறந்த நானும் திகனயில் வாழ்க்கைப்பட்ட நீங்களும் கடைசி வரைக்கும் ஒருவரையொருவர் ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிட்டோம். பென்ஷனும் ஒரே வருஷம்தான். அதற்குப் பிறகு வியாழக்கிழமைகளில் நான் திகனவுக்கு பஸ் ஏறுவேன். நீங்கள் தையல் மெஷினில் இருப்பீர்கள், நான் பக்கத்துக் கதிரையில் இருப்பேன்.

அப்படி ஒரு வியாழனில்தான் மெஷினை நிறுத்தாமலே சொன்னீர்கள்: “டீச்சர், கடல்ல கழுத்து வரைக்கும் எறங்கிப் பாக்கணும். ஒருக்கா.”

பகிடி என்று நினைத்தேன். பிறகுதான் யோசித்தேன். பள்ளிக்கூடச் சுற்றுலாக்களில் எத்தனை கடற்கரைக்குப் போயிருப்போம். உங்கள் வீட்டு வேனிலும் வருஷத்துக்கு ஒரு தரம் போய் வருவீர்கள். எங்கே போனாலும் பாயை விரித்து, மற்றவர்களின் பைகளையும் செருப்புகளையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். ஆட்கள் பார்க்க நனைந்த உடுப்போடு எழும்பி வருவது உங்களுக்கு ஒத்துவராது. அந்தப் பாயில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் நான். சின்ன வயதில் வந்த போலியோவில் சூம்பிய என் இடது கால் மணலைக் கண்டால் நகராது. நம் இரண்டு பேருக்கும் கடல் என்பது பார்க்கிற சாமானாகவே இருந்தது.

அன்றைக்கே ஒரு பழைய கொப்பியை எடுத்துக் கடற்கரைகளை எழுதத் தொடங்கினோம். ஆகஸ்டில் தெற்குக் கடல் கொந்தளிக்கும் என்று கிழக்கை எடுத்தோம். உங்களுக்குக் காலையில் ஆள் இல்லாத இடம் வேண்டும், உடுப்பு மாற்றும் அறை கிட்ட இருக்க வேண்டும். எனக்கு ஊன்றுகோல் புதையாத தரை வேண்டும். கேள்விப்பட்ட பெயர்களையெல்லாம் எழுதி எழுதி வெட்டினோம். நீங்கள் ஆரம்பத்தில் இருந்தே ஒன்றைத்தான் சொன்னீர்கள்.

“நேரா பாசிக்குடாவுக்கே பெய்த்திருவோம். அங்க தண்ணி ஆழமில்லயாம். ஒங்களுக்கும் லேசு.”

கேட்டிருக்கலாம். எனக்கோ நிலாவெளியின் மேல் ஆசை. யாரோ தந்த ஒரு கலண்டரில் அந்த வெள்ளை மணலைப் பார்த்து வருஷக்கணக்காக மனதில் வைத்திருந்தேன். அங்கே அறை வாடகைக்கு விடும் ஒரு பெண்ணுக்கு, உங்கள் வீட்டு முற்றத்தில் நின்று போன் எடுத்தேன். “விடியக் காலமை இஞ்ச ஆக்கள் இல்ல, அக்கா. ஆனா மணல் நல்லாப் புதையும், ஊன்றுகோலோட கஷ்டப்படுவீங்க” என்றாள். உங்களிடம் முதல் பாதியை மட்டும் சொன்னேன். இரண்டாவதைச் சொல்லியிருந்தால் எனக்காக நீங்கள் நிலாவெளியை வெட்டியிருப்பீர்கள் என்று தெரியும். மூன்று நாளுக்கு நிலாவெளி, உப்புவெளி, பாசிக்குடா என்று வடக்கிலிருந்து கீழே வருவதாக நானே வரிசை போட்டேன். “சரி, நீங்க செல்றபடி” என்றீர்கள்.

இரண்டு அங்கிகள் தைத்தீர்கள். முழுக்கை, கணுக்கால் வரை நீளம். தண்ணீரில் மேலே எழும்பாமல் இருக்க, திரைச்சீலைக்கு வைக்கிற சின்ன ஈயக் குண்டுகளை ஓரத்தில் வைத்து மடித்துத் தைத்திருந்தீர்கள். உங்கள் மகனுக்கு இந்தப் பயணம் பிடிக்கவில்லை. “இந்த வயசில ரெண்டு பேரும் தனிய என்னத்துக்கு? நான் வேன்ல கூட்டிட்டுப் போறேன் தானே” என்றான். “வேன்ல போனா நான் பாயில தான் ஈப்பேன்” என்றீர்கள். பாயில் இருப்பது என்றால் என்னவென்று அவனுக்கு விளங்கவில்லை. வேறு எதையோ மனதில் வைத்துத்தான் மறித்திருக்கிறான் என்பது அப்போது எனக்கும் விளங்கவில்லை.

கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில் இருந்து விடிய முதல் பஸ். அன்று மாலை நிலாவெளிக்குப் போய்ச் சேர்ந்து, அடுத்த நாள் சுபஹு தொழுதுவிட்டு நீங்கள் வர, கடற்கரைக்கு இறங்கினோம். அந்தப் பெண் சொன்னது சரிதான். ஒரு மனிதர் இல்லை. கலண்டரில் கண்டதைவிட அழகு. பதினைந்து அடி வைத்திருப்பேன், ஊன்றுகோல் ஒரு சாண் ஆழத்துக்குப் புதைந்து நான் மணலில் உட்கார்ந்துவிட்டேன். தண்ணீர் இன்னும் நாற்பது அடி தள்ளி.

“எனக்காக உக்காந்திருக்காதீங்க. போய் இறங்குங்க” என்றேன்.

“நான் மட்டும் பெய்த்து என்ன செய்ய? இங்கயும் காத்து ஈக்குது தானே.”

“இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?”

“நீங்க ஏன் கோவப்படுறீங்க, டீச்சர்?”

என் மேல் எனக்கிருந்த கோபம் என்று சொல்லத் துணிவு வரவில்லை. வெயில் ஏறும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தோம். மாலையில் உப்புவெளி. ஞாயிற்றுக்கிழமை என்பதை நான் யோசிக்கவே இல்லை. ஸ்பீக்கர் பெட்டிகளோடு இளைஞர் கூட்டம் கரையை நிறைத்திருந்தது. நீங்கள் அங்கியைப் பையில் இருந்து எடுக்கவே இல்லை. அன்றிரவு போன் பற்றிய உண்மையைச் சொன்னேன். “எனக்குத் தெரியும்” என்றீர்கள். “நீங்க போன் பேசக்கொள்ள சத்தமாப் பேசுவீங்க. அந்தப் பொம்புள சொன்னத நீங்க திருப்பிக் கேட்டீங்க.”

தெரிந்தும் ஏன் வந்தீர்கள் என்று கேட்டேன். “ஒங்களுக்கும் ஒன்டு வேணும்னு ஈந்திச்சி தானே” என்றீர்கள்.

மறுநாள் கரையோரப் பாதையில் தெற்கே வந்தோம். நான் உங்களை இடது பக்க ஜன்னலில் உட்கார வைத்தேன். களப்புகளைக் கடக்கும் நீண்ட பாலங்கள், பனைகள், வெறும் கரையில் காய்ந்துகொண்டிருந்த தோணிகள். ஒவ்வொரு வளைவிலும் ஒரு கடற்கரை தெரிந்தது. நம் கொப்பியில் அவற்றில் ஒன்றுமே இல்லை. “இவ்வளவு ஈக்குது, நாம மூனத்தான் எழுதினோம்” என்று நீங்கள் சொன்னபோது இரண்டு பேருக்கும் மனம் இலேசாகியிருந்தது.

பாசிக்குடாவில் அடுத்த நாள் ஆறு மணிக்கே இறங்கினோம். ஒரு மீனவரும் அவருடைய நாயும் தூரத்தில். தண்ணீர் ஓரத்து மணல் அழுத்தமாக இருந்தது. கரையில் ஊன்றுகோலைப் போட்டுவிட்டு உங்கள் தோளைப் பிடித்துக்கொண்டேன். நடக்க நடக்க முழங்கால் மட்டம்தான். இடுப்பு வர வெகுநேரம் பிடித்தது. கடல் குளம்போலக் கிடந்தது. உங்கள் அங்கி சொன்னபடி கேட்டு நேராக நின்றது. ஒரு கட்டத்தில் நீங்கள் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள்.

“டீச்சர், நீங்க என்னைப் பிடிக்கல்ல.”

பார்த்தேன். என் இரண்டு கையும் தண்ணீரில் இருந்தன. தண்ணீர் என் பாரத்தை எடுத்துக்கொண்டதில் சூம்பிய கால் மற்றதோடு சேர்ந்து நடந்திருக்கிறது. ஐந்து வயதிற்குப் பிறகு யாரையும் எதையும் பிடிக்காமல் நான் நடந்தது அப்போதுதான். இன்னும் உள்ளே போனோம். கழுத்துக்குத் தண்ணீர் வந்ததும் நீங்கள் சிரிக்கத் தொடங்கினீர்கள். ஆசிரியர் அறையில் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குவீர்களே, அப்படியல்ல. தலையைப் பின்னால் சாய்த்து, தொண்டையைத் திறந்து, மூச்சு வாங்கும்வரை சிரித்தீர்கள். தூரத்தில் நாய் குரைத்தது. அதற்கும் சிரித்தீர்கள்.

பிறகு அடங்கி, “ஒரு விசயம் செல்லணும்” என்றீர்கள்.

“சொல்லுங்க.”

அடிவானத்தின் பக்கம் திரும்பினீர்கள். “வேணாம். இந்த எடத்தில வேணாம்” என்றீர்கள். நானும் கேட்கவில்லை.

செப்டம்பரில் வயிற்றில் ‘சின்ன ஒபரேஷன்’ என்று போனில் சொன்னீர்கள். அது சின்னது இல்லை என்பது ஆஸ்பத்திரிக்கு வந்து உங்கள் முகத்தைப் பார்த்தபோது தெரிந்தது. பொங்கலுக்கு முந்திய வாரம் நீங்கள் போய்விட்டீர்கள். மையத்து வீட்டில் பெண்களோடு நான் உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்தபோது உங்கள் மகன் வாசலில் நின்றான்.

“ஆகஸ்ட்ல ஒபரேஷனுக்குத் தேதி குடுத்தாங்க, டீச்சர். உம்மா ரெண்டு கிழமை பிந்திப் போட்டாங்க. ஒங்களோட கடலுக்குப் போகத்தான்.”

அவன் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தப் பதினான்கு நாளுக்குள் நிலாவெளிக்கென்று நான் பறித்த நாளும், உப்புவெளியில் வீணாக்கிய மாலையும் இருந்தன. அதற்குப் பிறகு திகன பஸ்ஸில் நான் ஏறவில்லை. யாராவது கடற்கரை என்றால் பேச்சை மாற்றுவேன்.

போன பெருநாளன்று மதியம் கதவு தட்டும் சத்தம். உங்கள் மகன், கையில் வட்டிலப்பம். அவனுடைய மனைவி செய்ததாம். உட்காரச் சொல்லித் தேத்தண்ணி கொடுத்தேன். கோப்பையைக் கையில் சுழற்றிக்கொண்டே பேசத் தொடங்கினான்.

“டொக்டர்கிட்ட பெய்த்துக் கேட்டேன். ரெண்டு கிழமை பிந்தினதால ஒன்டும் மாறலயாம். நோய் அதுக்கு முந்தியே பரவி ஈந்திச்சாம். உம்மாவுக்கும் அதச் சொல்லி ஈக்காங்க. தெரிஞ்சுதான் தேதிய மாத்தி ஈக்காங்க.” நிமிர்ந்து பார்த்தான். “அன்டைக்கு நான் ஒங்களுக்குச் சொன்னது பிழை.”

நான் நிலாவெளிப் போன் கதையைச் சொன்னேன். ஒளிக்க வேண்டாம் என்று தோன்றியது. கேட்டு முடித்தவன், “அங்க உம்மா அழுதாங்களா?” என்று கேட்டான்.

“இல்ல தம்பி. சிரிச்சாங்க.”

எப்படிச் சிரித்தீர்கள் என்று சொல்லப் பார்த்தேன். தலையைச் சாய்த்துக் காட்டினேன். எனக்கு அது வரவில்லை. அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். தன் வாப்பா மௌத்தாகிப் போன பிறகு உம்மா சத்தமாகச் சிரித்து, தான் கேட்டதே இல்லை என்றான்.

யாராவது இப்போது எந்தக் கடற்கரைக்குப் போகலாம் என்று என்னிடம் கேட்டால், அழகைச் சொல்லும்போதே மணல் புதையும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். உங்களால் வந்த பழக்கம் அது. ஆனால் நான் பத்திரமாக வைத்திருப்பது அந்தச் சிரிப்பைத்தான், டீச்சர். உலகத்தில் அதைக் கேட்டது நானும், பெயர் தெரியாத ஒரு மீனவரும், அவருடைய நாயும்தான். வயதாகிறது, மறதி வருகிறது. ஆனாலும் அது எந்த இடத்தில் தொடங்கி எங்கே மூச்சு வாங்கியது என்பது இன்னும் காதில் இருக்கிறது.

அன்றைக்குப் போக எழும்பிய உங்கள் மகன் வாசல்வரை போய்த் திரும்பி வந்து கதிரையில் உட்கார்ந்தான்.

“இன்னொருக்கா செல்லுங்க, டீச்சர்” என்றான். “தண்ணில எறங்கினதில இருந்து.”

சொன்னேன்.