ஒரு கைப்பிடி எத்தனை கிராம்?

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் அத்தானும் எப்படி? எங்கள் ஆஸ்பத்திரிச் சமையலறையில் தலைமைச் சமையல்காரர் ஓய்வு பெறுகிறார். அந்த இடத்துக்கு என்னையும் இன்னொருவனையும் பார்க்கிறார்கள். ஏப்ரல் பத்தாம் தேதி ஆளுக்கொரு சமையல் செய்து காட்ட வேண்டும். உன் கொத்தமல்லி சூப் செய்கிறேன் என்று வாயை விட்டுவிட்டேன். மேலாளருக்கு எல்லாமே கிராமில் வேண்டுமாம். "கைப்பிடின்னா யாரோட கைப்பிடி?" என்கிறார். என் அக்காவுடையது என்றால் சிரிப்பார்.

நீ நாலு பேருக்கு இரண்டு கைப்பிடி போடுவாய். ஒரு கைப்பிடியை நிறுத்து எழுது, புண்ணியமாகப் போகும்.

உன் தம்பி

பிப்ரவரி 14

அருமைத் தம்பிக்கு,

நல்லா இரு. கழுவி உலர்த்தி, காம்பு கிள்ளி, கடைக்காரர் தராசில் வைத்தேன். "தங்கமா நிறுக்கிறீங்க?" என்று கேலி வேறு. பதினொரு கிராம்.

அத்தான் இப்போது சமையல் பழகுகிறார். அவரிடம் உப்பு படும் பாட்டைச் சொல்லி மாளாது. நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா

பிப்ரவரி 25

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கணக்குப்படி இருபத்திரண்டு கிராம் போட்டுப் பார்த்தேன். வெறும் வெந்நீர். மேலாளர் ஒரு கரண்டி ருசித்ததோடு நகர்ந்துவிட்டார். மானமே போயிற்று. கடைக்காரர் தராசில்தான் கோளாறு.

நான் வாங்கி அனுப்பினேனே, அந்த அளவுக் கப்பை எடு. அதே கப் இங்கேயும் இருக்கிறது. இலையை நறுக்காமல், அமுக்காமல், விளிம்புவரை போட்டு நிறுத்து எழுது. அமுக்கினால் எடை எக்கச்சக்கமாக ஏறிவிடும், ஜாக்கிரதை.

தம்பி

மார்ச் 8

தம்பிக்கு,

கப் பதினாறு கிராம். தராசு மேல் பழி போடாதே, கடைக்காரர் நல்ல மனுஷர். வேண்டுமானால் இன்னும் இரண்டு கைப்பிடி சேர்த்துக்கொள். இதற்குப் போய் இவ்வளவு ஆராய்ச்சியா?

அக்கா

மார்ச் 19

அக்கா,

இங்கேயும் கப் பதினாறு கிராம்தான். அப்படியானால் தராசும் சரி, இலையும் சரி. ஆனால் நீ ஒரு பிடி அள்ளினால் அந்தக் கப் வழியும். நான் பார்க்காததா? இப்போது முக்கால் கப்கூட வரவில்லை.

உன் கைக்கு என்ன ஆச்சு? அத்தான் ஏன் சமைக்கிறார்? மழுப்பாதே. நான் கிளம்பினால் வேலை அந்த இன்னொருவனுக்குப் போகும், அவ்வளவுதானே. வரட்டுமா, சொல்.

தம்பி

மார்ச் 28

தம்பி,

இப்போது பேனாவும் பிடிக்க முடியவில்லை, நான் சொல்லச் சொல்ல அத்தான் எழுதுகிறார். நரம்பு வியாதி. விரல்கள் மடங்குவதில்லை, இப்போது காலுக்கும் வந்துவிட்டது. இது குறையாது, ஏறிக்கொண்டேதான் போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அன்று நிறையத்தான் அள்ளினேன். தராசுக்குப் போவதற்குள் பாதி கீழே சிந்திவிட்டது. கடைக்காரர் குனிந்து பொறுக்கினார். நான் அசடு வழியச் சிரித்துவிட்டு, தராசில் இருந்ததை மட்டும் உனக்கு எழுதினேன். கூட்டிச் சொல்லியிருக்கலாம், தோன்றவில்லை.

நேற்று அத்தானை அள்ளவைத்து, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று சொல்லி, என் கண்ணுக்குச் சரியாகப் பட்டதும் நிறுத்தச் சொன்னேன். இருபத்தைந்து கிராம். இதுதான் சரியான அளவு, மேலாளரிடம் கொடு.

வேலையைக் கெடுத்துக்கொண்டு வராதே என்று எழுதச் சொன்னேன். அத்தான் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "நான் எழுத மாட்டேன், நீயே எழுதிக்கோ" என்கிறார். இதுவரை அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. சரி, வரச் சொல்லியே எழுதுங்கள் என்றதும்தான் பேனாவை எடுத்தார்.

எனக்கும் பயமாக இருக்கிறதடா. பத்தாம் தேதிவரை காத்திருக்காதே. வா.

அக்கா