அப்பத்தாவின் ஜெபத்தில் உன் பெயர்

அன்புள்ள அக்காவுக்கு,

ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிக்கிறேன்: நம் வீட்டு மிக்ஸி, அரைத்து அரைத்து அரை உயிராகி, நேற்று மதியம் இயற்கை எய்தியது. அப்பத்தாவுக்கு இப்போது கஞ்சியைக்கூட அரைத்துத்தான் கொடுக்கிறோம், நேற்றிலிருந்து அம்மியில். அதுவும் ஒரு கரண்டிக்கு மேல் இறங்குவதில்லை.

விசுவாசத்துக்காகத் தொண்ணூறு வயதுவரை பொட்டுத் தங்கம் போடாதவள். பள்ளத்தூரிலிருந்து ஞாயிறுதோறும் முதல் பஸ்ஸில் காரைக்குடி சபைக்குப் போனவள். தண்ணீர்ச் சண்டையில் தாத்தாவின் மண்டையை உடைத்தவர்களுக்கே இலை போட்டு, "மொதல்ல சாப்பிடுங்கய்யா, பசியோட எதுக்கு அடிச்சுக்கிறீக?" என்றவள்.

நீ குன்றக்குடி முருகன் கோயிலில் மாலை மாற்றிக்கொண்ட நாளிலிருந்து உன் பெயரை வீட்டில் யாரும் சொல்லக்கூடாது என்பது அப்பாவின் சட்டம். அப்பத்தா மட்டும் மாலை ஜெபத்தில் எங்கள் பெயர்களோடு உன் பெயரையும் சொல்வாள். ஜெபத்தில் குறுக்கிட அப்பாவுக்குத் துணிச்சல் கிடையாது. பல்லைக் கடித்துக்கொண்டு "ஆமென்" சொல்வார்.

நேற்று மாலை அப்பத்தாவுக்குப் பேச்சு வரவில்லை. என் கையைப் பிடித்து இழுத்தாள். "நீயே ஜெபம் பண்ணுடா" என்றாள் அம்மா. உன் தம்பி லேசுப்பட்டவனா? அப்பத்தா குரலிலேயே ஆரம்பித்து, உன் பெயரைத் தெருவுக்கே கேட்கும்படி சொன்னேன். அப்பா ஆடிப்போய்விட்டார்.

சரி, அது பொய். உன் பெயர் வரவேண்டிய இடத்தில் அப்பா இருமினார். நான் விழுங்கிவிட்டேன். எல்லோரும் ஆமென் சொல்லி எழுந்த பிறகும் அப்பத்தா என் கையை விடவில்லை. உன் பெயருக்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.

இன்றைக்கும் என்னால் முடியாது, அக்கா. இதைக் கொண்டுவரும் என் சிநேகிதன் பாசிலின் பைக்கிலேயே ஏறி வந்துவிடு.

இப்படிக்கு,
உன் வாய்வீரத் தம்பி